காசு கொடுத்து வாங்கிய பழசு



கடந்த வைகாசியில் ஒரு கார் வாங்கினேன். 1984ஆம் வருடத்து அம்பாசிடர். மார்க் 4, பெட்ரோல், வெள்ளை நிறம். விலை 72,000 ரூபாய். செய்தி தெரிந்ததும் தோழர் ஒருவர் போன் போட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அந்தக் காசுக்கு ரெண்டு பிள்ளைங்களுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருக்கலாமே?"

கட்டியிருக்கலாம். கட்டிக்கொண்டும்தான் இருக்கிறேன், அது வேறு கணக்கு. ஆனால் அவர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1988. அப்பா அப்போது ஆலங்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மில் முதலாளியிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. தினமும் காலையில் அதைக் கழுவுவது அப்பாவின் வேலை. சம்பளத்தில் சேராத வேலை. கழுவுவார், துடைப்பார், டிரைவர் பானெட்டைத் திறந்து ஏதாவது நோண்டினால் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்ததில்லை.

அம்மாவுக்கு என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ராத்திரியில் அப்பா முதலாளி வீட்டுக்கு ஓடினார். முதலாளி கார் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. இதை அப்பா இன்றைக்கும் தவறாமல் சொல்வார், "குடுத்தாருப்பா, இல்லைன்னு சொல்லக்கூடாது" என்று. ஆனால் கார் காலனிக்குள் வராது. அம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றி மெயின்ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்சீட்டில் சாக்கை விரித்து, அதன்மேல் தார்ப்பாயை விரித்து, அதற்கும் மேல்தான் அம்மா. புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரியில் நான் பிறந்தேன். விடிந்ததும் அந்தக் காரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். கழுவியது அப்பா.

நான் வாங்கியது அதே கார்தானா என்று சில தோழர்கள் கேட்டார்கள். இல்லை. சினிமாவில்தான் அப்படி நடக்கும். அந்தக் கார் எப்போதோ எடைக்குப் போய்விட்டது.

நான் வாங்கியது திருமயத்துக்குத் தெற்கே ஒரு நகரத்தார் ஊரில். ஒரு தெருவை முழுதாக அடைத்த வீடு. ஆட்கள் எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு காரியஸ்தர். மகளிர் குழுக் கூட்டத்துக்காக அந்தப் பக்கம் போனபோது வண்டிக்கொட்டகையில் தூசிக்கு அடியில் அது நிற்பதைப் பார்த்தேன். மூன்று வருடமாக நகரவில்லை என்றார். ஆர்.சி. மட்டும் 2027 வரை உயிரோடு இருந்தது. என்னிடம் அவர் சாதி கேட்கவில்லை. வேலை செய்யும் இடத்தைக் கேட்டார், அடையாள அட்டையைப் பார்த்தார், 85,000 என்று ஆரம்பித்தார். நான்கு தடவை போய் 72,000த்துக்கு முடித்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பழசக் குடுத்தா வாங்கிக்கிருவோம் பாப்பா. காசு குடுத்தாப் பழச வாங்குவாங்க?"

நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் எழுதிய பகட்டு நுகர்வுக் கோட்பாட்டைப் பரீட்சைக்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். அப்பா கேட்ட கேள்வி அந்த ஐந்து பக்கத்தில் இல்லை. பழசு என்ற சொல் எங்கள் தெருவில் வேறு பொருள் உடையது. பழைய சோறு, பழைய சேலை, முதலாளி மகன் போட்டுக் கழித்த சட்டை, ஓரம் உடைந்த பாத்திரம். எல்லாம் கொல்லைப்புறத்தில் கைநீட்டி வாங்கியவை. செட்டிநாட்டில் பழசு என்றால் பாரம்பரியம். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், ராத்திரி தங்கக் காசு கொடுக்கிறார்கள். எங்கள் காலனியில் பழசு என்று காட்ட என்ன இருக்கிறது? தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. கூரை வீடுகள் எரிந்தும் நனைந்தும் போயின, எண்பதுகளில் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் இப்போது ஒழுகுகின்றன. ஒரு பொருளைப் பழசாகும்வரை வைத்திருக்கவே இடமும் வசதியும் வேண்டும். அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று மட்டும் சொன்னேன். அதுதான் உண்மையும்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம். அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் மூன்றாவது தொடர். அச்சை வாங்கிவந்து கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் தயாரிப்பை நிறுத்தினார்கள். இத்தனை வருடத்தில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவேயில்லை. இஞ்சின் 1489 சிசி. கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், கையால் போட வேண்டும். முன்சீட்டு ஒரே பலகை. டயர் 5.90–15, கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

நம் பெற்றோருக்கு அது காரே இல்லை, அரசாங்கம். கலெக்டர், தாசில்தார், டி.எஸ்.பி., எம்.எல்.ஏ. எல்லாரும் அதில்தான் வந்தார்கள். எங்கள் காலனிக்குள் அது நுழைந்தது இரண்டே காரியங்களுக்கு: ஓட்டுக் கேட்க, அடித்துப்போட்ட பிறகு விசாரிக்க. சிவப்புச் சுழல் விளக்கை 2017 மே முதல் தேதியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் வெள்ளை அம்பாசிடரைப் பார்த்தால் எங்கள் பெரிசுகள் இன்றைக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கிறார்கள்.

எடுத்துவரும் நாளில் புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் பாய் ஸ்கூட்டரில் முன்னாடியே போய்விட்டார். நாற்பது வருடம் அம்பாசிடர் மட்டுமே பார்த்த மனிதர். புது பேட்டரி போட்டார், டேங்கைக் கழற்றிக் கழுவினார், பிளக்கைத் தீட்டினார். கார்புரேட்டருக்குள் செத்த பல்லி ஒன்று இருந்தது. முந்தின நாளே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட்டு, 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்தேன். இது முக்கியம், பழைய வண்டி வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பேப்பர் சரியாக இல்லாமல் நம் ஆள் ரோட்டில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோக்கை இழுத்து ஆறாவது தடவை சாவியைத் திருப்பியதும் இருமிக்கொண்டு பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. "பிரேக்கு ரெண்டு மிதி மிதிக்கணும்மா. மொத மிதிக்கு நிக்காது. ஸ்டீயரிங் கால் சுத்து சும்மா சுத்தும். நாப்பதுக்கு மேல போகாதீங்க" என்றார் பாய்.

அப்பா ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"அழுக்காயிரும்ல பாப்பா."

தரைத் தகடு துருப்பிடித்து, ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது. அதில் அழுக்காக என்ன இருக்கிறது? சொன்னேன். கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து ஓரமாக உட்கார்ந்தார். முன்னால் வரச் சொல்லியும் வரவில்லை. அதனால் நான் டிரைவர் மாதிரியும் அவர் கலெக்டர் மாதிரியும் திருமயம் கோட்டையைத் தாண்டினோம். செருப்பை மடியில் வைத்திருக்கும் கலெக்டர்.

அப்போது எனக்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' ஞாபகம் வந்தது. படிக்காத மாணவர்கள் இருந்தால் இன்றைக்கே படியுங்கள், சின்னப் புத்தகம். அதில் பாதி பயணம்தான். 1901இல் சிறுவனாக அண்ணனோடு அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகிறார். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரன் ஓட்ட மறுக்கிறான். இரட்டை வாடகை கொடுத்துப் பிள்ளைகளே வண்டியை ஓட்டுகிறார்கள். வழியெல்லாம் தாகம், தண்ணீர் கிடையாது. 1929இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரன் அவருக்கு ஓட்டமாட்டேன் என்கிறான். விருந்தாளியை நடக்கவைக்கக் கூடாது என்று நம் மக்களே வண்டியை வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைக்க, பாலத்தில் மோதிக் கீழே விழுந்து அவர் கால் முறிகிறது. நான் இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நினைத்தது அன்றைக்குத்தான். ஓட்டத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

திருமயத்துக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் வண்டி கொதித்துவிட்டது. பானெட்டிலிருந்து ஆவி. ரோட்டோரம் ஒரு டீக்கடை. நிறுத்தியதும் கடைக்காரர் தானே எழுந்து வந்தார். "வாங்க மேடம், நிழல்ல நில்லுங்க. டேய், ரேடியேட்டருக்கு ஒரு பக்கெட்டு தண்ணி கொண்டா." இரண்டு பக்கெட் வந்தது. கேட்காமலே எங்கள் இருவருக்கும் சில்வர் சொம்பில் குடிக்கத் தண்ணீர். அப்பா சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். நான் வாய் வைத்தே குடித்தேன், வேண்டுமென்றே.

இஞ்சின் ஆறும்வரை பேச்சு. எந்த ஊர்? சொன்னேன். "ஓ, அந்த ஊரா? நம்ம பங்காளிங்க இருக்காக அங்க. நீங்க எந்தத் தெரு?" இந்தக் கேள்வியை நம்மில் கேட்காதவர் யார்? பெயரில் தெரியாது, முகத்தில் தெரியாது, தெருவில் தெரிந்துவிடும். "காலனி" என்றேன். "ஆங்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை, திட்டவும் இல்லை. "மேடம்" மட்டும் நின்றுபோனது. இரண்டு டீக்குக் காசு கொடுத்தேன். கல்லாவை மேசையால் காட்டினார், கையில் வாங்கவில்லை. கையில் வாங்காததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம், பலகாரம் போட்ட எண்ணெய்க் கை. இப்படி ஒவ்வொன்றுக்கும் மனது சந்தேகத்தின் பலனை அவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்தே களைத்துப்போகிறது.

இது வேங்கைவயல் இருக்கிற மாவட்டம். 2022 டிசம்பரில் நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது, அந்த வழக்கு எப்படித் திரும்பியது என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு என் ரேடியேட்டர் இரண்டு பக்கெட் தண்ணீரை மரியாதையோடு குடித்தது. காருக்குத் தெரு கிடையாது.

புதுக்கோட்டைக்குள் டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் தூரத்திலேயே கையை நீட்டி மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களை விட்டார். கிட்டே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அது ஒரு தடவைதான். தொண்டைமான்களின் அரண்மனை இருந்து இப்போது கலெக்டர் ஆபீஸாக இருக்கும் கட்டடத்தைக் காட்டி, "உள்ள போயிட்டு வருவமா பாப்பா, மனு குடுக்காம?" என்றார்.

திருவரங்குளம், வம்பன் தாண்டி ஆலங்குடி. எங்கள் ஊர் விலக்கு வந்தது. அங்கிருந்து காலனிக்கு இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாகத் தார்ரோடு. இன்னொன்று கண்மாய்க்கரை மண்பாதை, சுற்று. அப்பா பின்னாலிருந்து, "கரை வழியாப் போயிரலாம் பாப்பா" என்றார்.

அப்பா சைக்கிள் வாங்கியது 1983இல். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போவார். சட்டம் போட்டு யாரும் சொல்லவில்லை. சட்டம் போட்டுச் சொன்ன காலமும் உண்டு. பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள்மீது 8 தடைகள் விதித்தார்கள். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. 1931 ஜூனில் அது 11 ஆனது. கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது என்பது அதில் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இதை எழுதிவைத்திருக்கிறார். 94 வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிய நம் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்று குடும்பத்தினர் புகார் சொன்னார்கள். அப்பா அந்தச் செய்தியை டிவியில் மூன்று தடவை பார்த்தார். அதனால்தான் கண்மாய்க்கரை என்றார். அவரைக் கோழை என்று நினைக்காதீர்கள்.

நான் தார்ரோட்டில் திருப்பினேன். இப்போது யோசித்தால், பின்சீட்டில் இருந்தவரைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு அது. அவருடைய பயத்தை என் வீரத்துக்குச் செலவு செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. களத்தில் வேலை செய்கிறவர்கள் இதை அடிக்கடி செய்கிறோம்.

ஊர்த்தெருவின் சரிபாதியில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, வண்டி நின்றுவிட்டது.

உச்சி வெயில். சாவியைத் திருப்பத் திருப்பச் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. திண்ணைகளில் ஆட்கள் எழுந்தார்கள். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அப்பா பின்கதவைத் திறந்து இறங்கினார், செருப்பு இல்லாமல், கொதிக்கிற தாரில். பானெட்டைத் தூக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து, பெட்ரோல் பம்ப்மேல் சுற்றிக் கட்டினார். "சூட்டுல பெட்ரோலு ஆவியாயிருச்சு. பத்து நிமிசம் பொறு." மில் டிரைவருக்குப் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்து நின்றபோது கற்றது. 37 வருடம் அதைச் சொல்ல அவருக்கு ஒரு வண்டி இல்லை.

அந்தப் பத்து நிமிடம் நீளமானது. திண்ணையிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவைவிட இருபது வயது இளையவர். "என்னடா, யாரு வண்டி இது?"

அப்பா பம்ப்பிலிருந்து கையை எடுக்காமல், "எம் மகளுது" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், முன் மட்கார்டில் தட்டினார். "பழசுதானே" என்றார். போய்விட்டார். கோயில் நிழலில் இருந்த ஒரு பெரியவர், அவரும் அந்தத் தெருதான், தம் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு ஊற்றச் சொன்னார். குடத்தை அப்பாவின் கையில் கொடுத்தார், திரும்ப வாங்கியும் கொண்டார். இரண்டையும் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் நடந்தன. வண்டி பிடித்தது. அப்பா இந்தத் தடவை முன்கதவைத் திறந்து ஏறினார். அவசரத்தில்தான்.

மறுநாள் காலையில் நான்கு டயரில் இரண்டில் காற்று இல்லை. வால்வைப் பிடுங்கியிருந்தார்கள். வண்டி நின்றது எங்கள் வீட்டு வாசலில், காலனிக்குள். யார் செய்தது என்று தெரியாது. காலனிச் சிறுவர்களின் விளையாட்டாகவும் இருக்கலாம் என்று அப்பா சொல்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவள் நான். "புகார் கொடுங்க, பயப்படாதீங்க" என்று எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். என் மனுவை இன்னும் எழுதவில்லை. சாட்சி இல்லை என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் வருகிறவர்களும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

பிள்ளைகளின் ஃபீஸைக் கேட்ட தோழருக்கு இதுவரை நான் சரியான பதில் சொல்லவில்லை. செலவு இன்னும் இருக்கிறது: தரைத் தகடு வெட்டி ஒட்ட வேண்டும், டிங்கரிங், பிரேக் முழுக்க. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022இல் 600லிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் நம் மக்கள் தேவைக்கு மட்டுமே பொருள் வாங்க வேண்டும், ஆசைக்கு வாங்கக் கூடாது என்று சொல்லும்போது, அந்தப் பதினொரு தடைகளின் குரல் தம் குரலுக்குள் எங்காவது கேட்கிறதா என்று அவரும் கொஞ்சம் காதுகொடுத்துப் பார்க்கட்டும். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை.

வண்டி இப்போது பாயின் ஷெட்டில் கிடக்கிறது, சீட்டெல்லாம் கழற்றி, எலும்புக்கூடாக. அப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். என்ன பெயிண்ட் என்பதில் வீட்டில் தகராறு. தம்பி நீலம் என்கிறான். அப்பா வெள்ளைதான் என்கிறார், வேறு எது அடித்தாலும் அது அம்பாசிடரே இல்லையாம்.

அம்மா நிறத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. 1992இல், அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் அல்லவா? சாய்நாத்கூட எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் கற்றவர்களில் அம்மாவும் ஒருத்தி. முன் பாரில் என்னை உட்காரவைத்து, ஊர்த்தெருவில் இறங்காமலே ஓட்டிக்கொண்டு போனதாகச் சொல்வாள். அப்பா தள்ளிக்கொண்டு போன அதே தெருவில். நேற்றுப் போன் செய்தாள். எல்.எல்.ஆர். போட எவ்வளவு ஆகும், 58 வயதுக்குக் கொடுப்பார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னாள்.